நாற்பத்து மூன்று வருடம், நான்கு மாதம், ஏழு நாள்

தபால் நிலையம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் ஐந்தரைக்கே போய் நின்றுவிட்டோம். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்வது? அடுப்பில் காபி பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. என் புருஷன் டோர்சி வந்து அணைத்துவிட்டு, "வீட்டையும் கொளுத்திட்டுத்தான் ஓட்டு வாங்கப் போறியா?" என்றான்.

1965, ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை. ஜனாதிபதி வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. வாஷிங்டன் அனுப்பும் ஓர் ஆள் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, கறுப்பு மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் நேராக எழுதப்போகிறார் என்று திங்கட்கிழமை மதியம் செய்தி வந்தது. நான்கே நாளில்! எங்களுக்கும் ஓட்டு உண்டு என்று எழுதி வைத்துவிட்டுத் தொண்ணூற்றைந்து வருடம் எங்களைத் திரும்பிப் பார்க்காத அரசாங்கம் நான்கு நாளில் ஓடி வருகிறது என்றால் யாருக்குத்தான் கை கால் பதறாது?

நான் வெர்லீன் டில்லரி. லூசியானாவில், டென்மோர் மாவட்டத்தில், பெண்களுக்கு முடி நேராக்கிவிடும் கடை நடத்துகிறவள். பட்டியலில் பெயர் சேர்க்க ஐந்து முறை நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், ஐந்து முறையும் வெறுங்கையோடு வந்தவள். இந்த உலகத்தில் எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பட்டியலில் என் பெயர் ஏற வேண்டும். வீடு வேண்டாம், வாசல் வேண்டாம், அது போதும் என்றுதான் தினமும் ஜெபம் செய்தேன்.

ஐந்து முறை என்னைத் திருப்பி அனுப்பியவர் மாவட்டப் பதிவு அதிகாரி கிராண்டல் டப்ஸ். வெள்ளைக்காரர்கள் வந்தால் எழுந்து நின்று கை குலுக்குவார், பெயரை எழுதிக்கொள்வார், அவர்கள் வீட்டு நாய் சுகமா என்று விசாரிப்பார். நாங்கள் போனால் அரசியல் சட்டப் புத்தகம் வெளியே வரும். எங்கேயாவது ஒரு பக்கத்தைத் திறந்து, படித்துப் பொருள் சொல்லச் சொல்வார். அவருக்குப் பிடித்தது பத்தாவது திருத்தம். மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று சொல்கிறதே, அது. 'மாநிலங்களுக்கு' என்ற இடத்தில் விரலை வைத்துத் தட்டுவார். 'மக்களுக்கும்' என்ற இடத்துக்கு அந்த விரல் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் மூன்று முறை பொருள் சொன்னது சரியில்லை என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று நான் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். நான்காவது முறை அவர் எங்கே திறந்தாலும் நான் பார்க்காமலே சொன்னேன். அவருக்குக் காது சிவந்தது. அப்போதுதான் படிவத்தைக் கையில் எடுத்தார். அதில் வயதை வருடம், மாதம், நாள் என்று கேட்டிருப்பார்கள். நான் போட்டிருந்ததில் ஒரு நாள் குறைகிறது என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். ஐந்தாவது முறை, 1963 ஜூன் மாதம், நான் பிறந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணி, பென்சிலால் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு போனேன்.

"வயசு எவ்வளவு, வெர்லீன்?"

"நாப்பத்தொரு வருஷம், ரெண்டு மாசம், ஒம்பது நாள்."

"இன்னைக்குப் பொழுது முடிஞ்சிருச்சா?"

"இல்லீங்க. மத்தியானம்தான் ஆகுது."

"அப்ப ஒம்பதாவது நாள் இன்னும் முடியல. எட்டுதான். தப்பு. அடுத்த ஆளு."

வெளியே டோர்சி வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான். வழியில் ஆரஞ்சு சோடா ஒன்று வாங்கித் தந்தான். ஐந்து முறையும் சோடா வாங்கித் தந்தான். எனக்கு அந்தச் சோடாவைக் கண்டாலே இப்போதும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு என் கடை பள்ளிக்கூடமாகிவிட்டது. சூடேறிய சீப்பு காதுக்குப் பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பெண்ணும் ஓட முடியாது. "காங்கிரஸுக்கு என்னென்ன அதிகாரம்? சொல்லு." "போர் அறிவிக்க, காசு அச்சடிக்க, தபால் நிலையம் கட்ட... ஐயோ, காது, காது!" இப்படித்தான் பாடம். சுவரில் பெரிய நாட்காட்டி. வருகிறவள் எவளாக இருந்தாலும் கதவைத் தாண்டும்போதே அன்றைய தேதிக்குத் தன் வயதை வருடம், மாதம், நாளோடு சொல்ல வேண்டும். சொல்லாதவளுக்குச் சீப்பு சூடாகாது. என் சிநேகிதி க்ரியோலா ஒருத்திதான் எதிர்த்துப் பேசுவாள்.

"ஏன்டி வெர்லீன், என் வயச நானே மறக்கணும்னுதான் உங்கிட்ட முடி பண்ண வர்றேன். நீ நாள் கணக்கோட ஞாபகப்படுத்துற!"

இருந்தாலும் சொல்வாள். எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷனுக்கும் மாமனாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் பக்கத்தில் தன் வயதை நாள் பிசகாமல் சொல்லத் தெரியாத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது.

டோர்சி மட்டும் விதிவிலக்கு. அவனுக்குப் பிறந்த நாளே தெரியாது. படிக்கவும் தெரியாது. மர அறுவை ஆலையில் இருபத்தெட்டு வருடமாக வேலை. நான்கு வருடத்துக்கு முன்னால், ஏதோ ஆசையில், "நானும் ஒரு தடவ உன்கூட உள்ள வந்து பாக்கட்டுமா?" என்று கேட்டான். நான் தோற்று வந்த எரிச்சலில் இருந்தேன். "பிறந்த நாள் தெரியாதவனுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டுவிட்டேன். அதோடு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வண்டி ஓட்டுவான், நிழலில் நிறுத்துவான், சோடா வாங்குவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். "நான் டிரைவர் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, தபால் நிலையத்துக்கு எதிரில் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆறு மணிக்கு நூறு பேர். ஏழு மணிக்கு இருநூறு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள், கஞ்சி போட்ட சட்டைகள், பொரித்த கோழியும் சோளரொட்டியும் கட்டிய பொட்டலங்கள். நான் வரிசையில் மேலும் கீழும் நடந்து எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தேன். "நீ எவ்வளவு?" "முப்பத்தேழு, ரெண்டு, பத்தொம்பது!" "நீங்க, டீக்கன்?" "அறுபத்தெட்டு, பதினொண்ணு, மூணு. என்னம்மா, இன்னைக்குமா?" "இன்னைக்குத்தான் முக்கியம்!"

ஏழே காலுக்கு மாவட்டப் போலீஸ் துணை ஷெரிஃப் ராய்ஸ் ஹேட்லி வந்தான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எங்களை நிதானமாகப் பார்த்தான்.

"நடைபாதைய அடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. குற்றம். அஞ்சு நிமிஷம் தர்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். க்ரியோலாதான் பேசினாள், தேன் ஒழுகும் குரலில்.

"சரிங்க ராய்ஸ் ஐயா. நடைபாதை உங்களோடது. இந்தப் படிக்கட்டு யாரோடதுங்க?"

"படிக்கட்டா?"

"ஆமாங்க. இந்தக் கல்லு. மேல கொடி பறக்குதே, அந்தக் கட்டடத்தோட படி."

ராய்ஸ் கொடியைப் பார்த்தான். படியைப் பார்த்தான். தபால் நிலையம் மத்திய அரசின் சொத்து, அங்கே ஷெரிஃபின் கை நீளாது என்று அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஏன் தோன்றவில்லை என்றுதான் புரியவில்லை. தபால் நிலையம் கட்டும் அதிகாரம் முதல் பிரிவிலேயே இருக்கிறது, நூறு பெண்களுக்குக் காதைச் சுட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

"ஏறுங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் படியில ஏறுங்க!"

ஐந்தே ஐந்து படிகள். இருநூறு பேர். யார் கால் யார் மேல் இருக்கிறது என்று தெரியாது. கடைசிப் படியின் விளிம்பில் நின்றவர்கள் முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குதிகால் நடைபாதையில் படாமல் நுனிக்காலில் நின்றார்கள். ராய்ஸ் கீழே குனிந்து குதிகால்களை எண்ணிக்கொண்டே போனான்.

"வெர்லீன்," என்று என் காதருகில் எங்கள் தேவாலயத்து டீக்கன் மோஸ்பி முனகினார், "எனக்கு அவசரமா ஒதுங்கணும். எறங்கினா ராய்ஸ் புடிப்பான். எறங்கலேன்னா மானம் போகும்."

"அடக்குங்க டீக்கன்," என்றாள் க்ரியோலா. "மத்திய அரசு இப்பத்தான் நம்ம பக்கம் வந்திருக்கு. அது மேலயே போயிடாதீங்க!"

படிக்கட்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. பயந்து நின்ற கூட்டம் சிரிக்கத் தொடங்கினால் அப்புறம் யாராலும் நகர்த்த முடியாது. டீக்கனும் அடக்கிக்கொண்டார்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். நெரிசல் வேண்டாம் என்று, வேலை முடிந்தவர்களைப் பின்பக்கம் சரக்கு இறக்கும் வாசல் வழியாக அனுப்பினார்கள். அதனால் உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று வெளியே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. பின்பக்கத்திலிருந்து கைதட்டலும் பாட்டும் மட்டும் கேட்டது. கேட்கும்போதெல்லாம் படிக்கட்டு ஒரு துள்ளு துள்ளும். நான் கடைசிவரை வரிசையைக் கவனித்துவிட்டு உள்ளே போகலாம் என்றிருந்தேன். க்ரியோலா விடவில்லை. நாற்பது பேர் போனதும் என்னை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மணி பதினொன்று.

உள்ளே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் ஒரு மின்விசிறி, ஒரு வெள்ளைக்காரர். அரைக்கைச் சட்டை, தளர்ந்த டை, வியர்வையில் வழுக்கி இறங்கும் கண்ணாடி. பெயர் ஹோல்கம், டல்லாஸிலிருந்து வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"உட்காருங்கம்மா. உங்க பேரு?"

"வெர்லீன் டில்லரி."

"மிசஸ் டில்லரிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து எந்த வெள்ளைக்கார அதிகாரியும் என்னை மிசஸ் என்று சொன்னதில்லை. டப்ஸுக்கு நான் வெர்லீன், ராய்ஸுக்கு ஏய். சந்தோஷப்பட வேண்டிய இடம். நான் சந்தேகப்பட்டேன். மரியாதை இவ்வளவு தாராளமாக வருகிறது என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மனசு சொன்னது. பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வயசு?"

"நாப்பத்து மூணு வருஷம், நாலு மாசம், ஏழு நாள்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தேன். "ஏழாவது நாள் ராத்திரிதான் முடியும். நீங்க ஆறுன்னு சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் படிவத்தில் 43 என்று எழுதினார். அவ்வளவுதான். நான் மேசைமேல் குனிந்து, தலைகீழாகவே படித்துப் பார்த்தேன். 43. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"மாசமும் நாளும் போடலியே?"

"தேவையில்லம்மா."

"போடுங்க."

"அதுக்கு இதுல இடமே இல்ல, மிசஸ் டில்லரி. எத்தனை வருஷமா இந்த மாவட்டத்துல இருக்கீங்க?"

"பொறந்ததுலேருந்து. நாப்பத்து மூணு வருஷம், நாலு மாசம், ஏழு நாளா!"

நான் முட்டாள் இல்லை. சட்டத்தைச் செய்தித்தாளில் வரிவரியாகப் படித்திருந்தேன். பரீட்சைகளை நிறுத்திவிட்டார்கள், பொருள் சொல்லச் சொல்ல மாட்டார்கள், அதெல்லாம் தெரியும். ஆனால் வயது பரீட்சை இல்லையே, அது படிவம். இந்தப் பட்டியல் நாளைக்கு அதே கிராண்டல் டப்ஸ் மேசைக்குத்தானே போகப்போகிறது? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'வயது முழுமையாக இல்லை' என்று சிவப்புப் பென்சிலால் வரிசையாக அடித்துக்கொண்டே போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. நாற்பது பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! நான் பழக்கிய நாற்பது பேர்! எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

"கையெழுத்துப் போடாதீங்க!" என்று திரும்பிக் கத்தினேன். "யாரும் போடாதீங்க! நாள் கணக்க எழுதல இவரு!"

அந்த ஒரு கத்தல் போதுமானதாக இருந்தது. வரிசை முழுவதும் வாய்க்கு வாய் பரவியது. கதவுக்கு வெளியே, படிக்கு, அங்கிருந்து கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்கு. இரண்டு நிமிடத்தில் பின்பக்கக் கதவு படாரென்று திறந்து, பாடிக்கொண்டிருந்த நாற்பது பேரும் கையில் சீட்டோடு உள்ளே பாய்ந்தார்கள்.

"ஐயா, என்னோடது ரெண்டு மாசம், பத்தொம்பது நாள்! சேருங்க!"

"எனக்குப் பதினொண்ணு, மூணு!" இது டீக்கன் மோஸ்பி. எப்போது உள்ளே போனார், எப்போது ஒதுங்கினார், தெரியவில்லை.

"ஐயா, என் நாள் இருபத்தாறு! ராத்திரி ஆனா இருபத்தேழு!"

ஹோல்கம் இரண்டு கையையும் தூக்கினார். மின்விசிறி கீழே விழுந்தது. படிவங்கள் பறந்தன. ஒரு பாட்டம் முழுவதும் எண்கள்தான் கேட்டன. அந்த மனிதர் கூட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கலாம். எங்களைப் பார்த்து அழுதுவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"கேளுங்க! கேளுங்க! சட்டம் ஒண்ணுதான் கேக்குது, இருபத்தோரு வயசு ஆச்சான்னு. மிசஸ் டில்லரி, உங்களுக்கு நாப்பத்து மூணு. இதுல எந்த மாசத்தக் கழிச்சா இருபத்தொண்ணுக்குக் கீழ வருவீங்க?"

"அது உங்களுக்குத் தெரியும். டப்ஸுக்குத் தெரியாதே! அவர் அடிச்சிடுவாரு!"

"அவரால அடிக்க முடியாது. இது நான் எழுதுற பட்டியல். அவர் சேத்துத்தான் ஆகணும்."

"ஆகணும்னு யாரு சொன்னது?"

"சட்டம் சொல்லுது, அம்மா."

சட்டம்! அந்தச் சொல்லைச் சொல்லித்தானே டப்ஸ் ஐந்து முறை என் முகத்தில் கதவைச் சாத்தினார். நான் பேனாவைத் தொடவில்லை. எனக்குப் பின்னாலும் யாரும் நகரவில்லை.

வாசலில் ராய்ஸ் வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை, தலையை மட்டும் நீட்டினான். பல் எல்லாம் தெரிந்தது.

"பாத்தீங்களா? வாஷிங்டன்காரனும் உங்க தலையில மொளகா அரைச்சுட்டான். வீட்டுக்குப் போங்க. பருத்திக் காடு காத்திருக்கு."

கடைசிப் படியில் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் இறங்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். இன்றைக்கு இவர்கள் போனால் நாளைக்கு வர மாட்டார்கள். முதலாளி வேலையை விட்டு நிறுத்துவான், பண்ணைக்காரன் குடிசையை விட்டுத் துரத்துவான், இந்தப் பயத்தையெல்லாம் ஒரு காலைக்கு மட்டும் தூக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். கத்தியது நான். கத்தியதைத் திரும்ப விழுங்கவும் முடியவில்லை, பேனாவை எடுக்கவும் முடியவில்லை. பயமும் வீம்பும் சேர்ந்து என்னை அந்த நாற்காலியில் ஆணி அடித்துவிட்டன.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டோர்சி வந்தான். ஆலைச் சட்டை, கையில் தொப்பி, தோளில் மரத்தூள். கத்தல் கேட்டு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்திருக்கிறான்.

"யாரு என்ன பண்ணாங்க, வெர்லீன்?"

"நாள் எழுத மாட்டேங்கறாரு."

டோர்சி ஹோல்கமைப் பார்த்தான். படிவத்தைப் பார்த்தான், அது அவனுக்கு வெறும் தாள்தான். தொண்டையைச் செருமினான்.

"ஐயா, நாள் வேணாமா உங்களுக்கு?"

"வேணாம்."

"மாசம்?"

"வேணாம்."

"நெசமாவா?"

"நெசமா."

அவன் தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துத் திருகினான். அப்புறம் என்னைப் பார்த்து, "கொஞ்சம் நகரு" என்றான். நான் நாற்காலியில் பாதிக்கு நகர்ந்தேன். மீதிப் பாதியில் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் என்னை நகரச் சொன்னது அதுதான் முதல் முறை.

"டோர்சி ஏமஸ் டில்லரி. வயசு சரியாத் தெரியாதுங்க. பெரு வெள்ளத்துல கரை ஒடைஞ்ச வருஷம் அம்மா வயித்துல இருந்தேன். அந்த வருஷம் பருத்தி எடுக்கையில பொறந்தேன். நாள் யாருக்கும் தெரியாது."

"1912 வெள்ளமா?"

"அதுதாங்க."

"அப்ப இந்த அறுவடைக்கு அம்பத்து மூணு. இப்ப அம்பத்திரண்டு." எழுதினார். "படிக்க வருமா?"

டோர்சி மூச்சை இழுத்துப் பிடித்தான். அந்த அறையில் அத்தனை பேருக்கும் முன்னால், ஆலைக்காரர்களுக்கு முன்னால், என் கடைக்கு வரும் பெண்களுக்கு முன்னால். "வராதுங்க" என்றான்.

"பரவாயில்ல. நான் படிச்சுச் சொல்றேன். இங்க ஒரு குறி போடுங்க, போதும்."

அவன் போட்டான். பேனா நுனி தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டான். ஹோல்கம் ஒரு சீட்டில் பெயரை எழுதி, கிழித்து, எழுந்து நின்று கொடுத்தார். "வாழ்த்துகள், மிஸ்டர் டில்லரி."

அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. புத்தகம் தெரியாதவன், எழுத்துத் தெரியாதவன், நாள் தெரியாதவன், பட்டியலில் ஏறிவிட்டான். எல்லாம் தெரிந்த நான் அரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம், உள்ளதைச் சொல்கிறேன். அதற்குப் பின்னால்தான் வெட்கம் வந்தது. பதினைந்தாவது திருத்தத்தில் இரண்டே வாக்கியம். நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்பது முதலாவது. அதை நடத்திக்காட்டும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது வாக்கியத்தை இரண்டு வருடத்தில் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அது ஒரு நாள் எழுந்து நடக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள் என்பேன். எழுந்து, நடந்து, டல்லாஸிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது, நான் அதை நம்பவில்லை. டப்ஸைத்தான் நம்பினேன். அவருடைய சட்டத்தை நானே என் கடைச் சுவரில் மாட்டி, என் புருஷனையே அதைக் காட்டி வெளியே நிறுத்தியிருந்தேன்.

"குடுங்க பேனாவ" என்றேன்.

வெர்லீன் ரூத் டில்லரி. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி போட்டேன். சீட்டை வாங்கிக்கொண்டதும் கால் தானாக வாசலுக்கு ஓடியது. மேல்படியில் நின்று, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"நாப்பத்து மூணு! வெறும் நாப்பத்து மூணு! அது போதும்! மாசமும் வேணாம், நாளும் வேணாம், எல்லாத்தையும் ராய்ஸுக்குக் குடுத்துட்டு உள்ள வாங்க!"

முதலில் க்ரியோலா தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். "நாப்பத்தாறு! ஐயோ, எத்தன லேசா இருக்கு!" அவளுக்குப் பின்னால் படிக்கட்டு முழுவதும் பிடித்துக்கொண்டது. "முப்பத்தேழு!" "எழுபது!" "இருபத்தொண்ணு, போன வாரந்தான்!" இறங்கிப் போன மூன்று பேரும் தெருமுனையிலிருந்து ஓடி வந்தார்கள். ஆளாளுக்குத் தன் வயதைப் பாட்டாகப் பாடினார்கள். ராய்ஸ் நடைபாதையில் நின்று எதையோ கத்தினான், யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டோம். ஓட்டு இருக்கிற ஜனம் போடும் சத்தம் அது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பின்பக்கம் பீக்கன் மரத்தடியில் டோர்சி தனியாக நின்றுகொண்டிருந்தான். சீட்டை இரண்டு விரலால் ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தான், அழுக்குப் பட்டுவிடும் என்று.

"இதுல என்ன போட்டிருக்கு?"

வாங்கிப் படித்தேன். "டோர்சி ஏமஸ் டில்லரி. டென்மோர் மாவட்டம். எல்லாத் தேர்தல்லயும் ஓட்டுப் போட உரிமை உள்ளவர்."

"ஏமஸும் போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு."

"எங்கப்பா பேரு" என்றான். "இன்னொரு தடவ படி."

படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன். அப்புறம் மனசு தாங்காமல் சொன்னேன். "டோர்சி, நாலு வருஷத்துக்கு முன்னால நான் உன்ன ஒண்ணு சொன்னேன்."

"எத்தனையோ சொல்லியிருக்க. அதுல எது?"

"நாள் தெரியாதவனுக்கு அங்க என்ன வேலைன்னு."

"ஓ, அதுவா." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "அது வலிச்சுச்சு."

"இப்ப?"

"இப்ப பசிக்குது. கோழி எங்க?"

சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. என் சீட்டு இன்னும் என் கைக்குள் மடிந்தபடியே இருந்தது. வாங்கியதிலிருந்து நான் அதைப் பார்க்கவே இல்லை.

"உன்னோடத படி" என்றான்.

பிரித்தேன். ஐந்து வருடம் ஏங்கிய தாள், ஓர் எழுத்துகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் நனைந்து கலங்கி ஓடியது. புத்தகம் முழுவதையும் பார்க்காமல் சொல்கிறவள், என் பெயரைப் பார்த்தும் படிக்க முடியாமல் நின்றேன்.

டோர்சி அதை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தான். கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான்.

"மிசஸ் வெர்லீன் ரூத் டில்லரி. ஓட்டு உண்டு."

தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் திருத்தவில்லை.